படிப்படியான தசைத் தளர்த்தல்

உடலின் தசைகளை ஒவ்வொரு தொகுதியாகச் சற்று இறுக்கி, பிறகு விட்டு, இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை உணரப் பழக்கும் முறையே படிப்படியான தசைத் தளர்த்தல். இதை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவரும் உடலியங்கியல் ஆய்வாளருமான எட்மண்ட் ஜேக்கப்சன் (1888–1983). 1929இல் மருத்துவ உலகுக்காக ஒரு நூலும், 1934இல் பொதுமக்களுக்காக ஒரு நூலும் இதைப் பற்றி எழுதினார். அன்றாட மன அழுத்தத்துக்கு இசை, நடை, மூச்சுப்பயிற்சி என்று பல வழிகள் சொல்லப்படுகின்றன. தனக்கு இதமானதைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பதே பொதுவான அறிவுரை. ஜேக்கப்சனின் பார்வை வேறு. தளர்தல் என்பது நீச்சலைப் போல் பழகிப் பெறவேண்டிய திறன் என்றார் அவர். அந்தப் பார்வைதான் இம்முறையின் உண்மையான மதிப்பு. இம்முறை பலன் தருவதற்கு அவர் தந்த விளக்கமோ முழுவதும் நிலைக்கவில்லை.

கையை மடக்குவதாகக் கற்பனை செய்தாலே அந்தக் கையின் தசையில் நுண்ணிய மின்னலைகள் எழுவதை அவர் கருவிகளால் பதிவுசெய்தார். தசை முழுமையாகத் தளர்ந்தால் பதற்றமும் எண்ண ஓட்டமும் அடங்கிவிடும் என்று அதிலிருந்து முடிவுக்கு வந்தார். 1947இல் வெளியான ஓர் ஆய்வு இதை அசைத்தது. ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் தசைகளை முற்றிலும் செயலிழக்கச் செய்யும் டியூபோகியூராரைன் மருந்தைத் தன் உடலில் செலுத்தச் செய்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். அந்நிலையிலும் அவர் தெளிந்த நினைவோடு சிந்தித்துக்கொண்டிருந்தார். ஆகவே தளர்ந்த தசை மனத்தைத் தானாக அமைதியாக்கிவிடாது. ஆனால் மருந்தால் செயலிழந்தவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பயிற்சி செய்பவரோ தாடையும் தோளும் நெற்றியும் தமக்குத் தெரியாமலேயே இறுகுவதைக் கண்டுகொள்ளக் கற்கிறார். கண்டுகொண்ட இறுக்கத்தைத் தளர்த்தவும் கற்கிறார். பலன் இந்தக் கவனிப்பில் இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

ஜேக்கப்சனின் மூலப் பயிற்சி மாதக்கணக்கில் நீண்டது. மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில் அதைச் சுருக்கினார். உளவியலாளர்கள் பெர்ன்ஸ்டீனும் போர்கோவெக்கும் 1973இல் 16 தசைத் தொகுதிகள் கொண்ட வடிவமாக அதை ஒழுங்குபடுத்தினர். ஒரு தொகுதியை ஐந்து முதல் ஏழு வினாடி இறுக்கி, பின் சட்டென விட்டு, அரை நிமிடம் அந்த உணர்வைக் கவனிப்பது அதன் அடிப்படை.

வேலைச்சுமையும் கடனும் அழுத்தும்போது தசையைத் தளர்த்தி என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. காரணத்தை இம்முறை தொடுவதில்லை. ஆகவே ஊழியர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்து வேலை நேரத்தைக் குறைக்காமல் விடுவது தவறு. ஆனாலும் வேலை நேரத்தைக் குறைக்கக் கோருபவருக்கும் இரவில் தூக்கம் வேண்டும். மனச்சோர்வு நோய்க்குத் தளர்வுப் பயிற்சிகளை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, சிகிச்சையே இல்லாததைவிட இவை மேல், உளவியல் சிகிச்சையளவு பலன் தருவதில்லை என்று கண்டது. எனவே நோய்க்கான சிகிச்சைக்கு இது மாற்று அல்ல.

சிலருக்குத் தளரத் தொடங்கும்போதே பதற்றம் கூடுவதும் உண்டு. அவர்கள் கண்களைத் திறந்தபடி, கைகளை மட்டும் கொண்டு சில நிமிடங்களில் தொடங்கலாம். காயமோ தசைப்பிடிப்போ உள்ள இடத்தை இறுக்காமல், விடுவதை மட்டும் பழக வேண்டும்.