பித்தளைப் பில்டரும் ஈயப் பூச்சும்
நம் இல்லங்களில் பித்தளைப் பில்டர் கோலோச்சிய காலத்தில், துளைகள் அடைத்து டிகாக்ஷன் இறங்காமற் போனால், பூசிய வெள்ளீயம் 232 டிகிரி உஷ்ணத்திலேயே உருகிவிடுமாகையால் அதனைத் தணலில் காட்டத் துணியாத பெண்டிர், வெந்நீரில் ஊறப்போட்டு, ஊசியால் ஒவ்வொரு துளையாக நெருடித் திறந்தனர். உட்பூச்சே தேய்ந்து களிம்பேறிவிட்டாலோ, துருத்தியும் கரியும் சுமந்து தெருவில் குரல் கொடுத்து வரும் ஈயம் பூசுகிறவரன்றி வேறு கதியில்லை. காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்து, அது உருகிய க்ஷணத்தில் துணியால் சுழற்றித் துடைத்து, வெண்புகையினூடே வெள்ளிப் பளபளப்பை வரவழைத்த அவருடைய ஹஸ்த லாகவம், உயர்ந்த சிற்பிகளின் வித்தைக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே என் துணிபு. எவர்சில்வர் வந்தபின், அடைத்த பில்டரை அடுப்பிலேயே காட்டிப் பொடியைக் கருக்கித் தட்டிவிட முடிந்தது. ஈயம் பூசுகிறவரின் ஜீவனமோ படிப்படியாக க்ஷீணித்தது.