சரலும் பரலும்

சரளை என்ற சொல் வடமொழிச் 'சர்க்கரா'விலிருந்து பிறந்தது என்பார் உண்டு. அவ்வடசொல்லுக்குப் பொடிக்கல் என்ற பொருள் இருப்பதும், குறுணையான இனிப்புக்கு அதுவே பெயரானதும் உண்மைதான். ஆனால் அது தமிழுக்கு வந்தபோது சர்க்கரை ஆயிற்று. பாகதத்தின் வழியே அக்காரம் ஆயிற்று. இரண்டிலும் ககர இரட்டை கெடாமல் நிற்கிறது. சரளையில் மட்டும் அது எங்கே போயிற்று?

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லையிலுள்ள திருப்புறம் பக்கம் காது கொடுத்தால் போதும். தமிழானாலும் மலையாளமானாலும் அங்கே 'சரல்'தான். நாகர்கோவிலில் சரலூர் என்றே ஓர் இடம் உண்டு. சரி, சரிவு, சரல் எல்லாம் ஓரடியில் கிளைத்தவை. மேட்டிலிருந்து சரிந்து கிடப்பது சரல்.

பரல் வேறு. பரவு, பரப்பு, பரவை என்பவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் அது. நீர் உருட்டிப் பரப்பியதே பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. உள்ளே உருண்டு ஒலித்த இரண்டும் பரலே. எழுத்துகளால் எண்ணைக் குறிக்கும் கடபயாதி முறைக்குக் கேரளத்தில் பரல்பேர் என்று பெயர். அங்கே பரல் என்பது சோழி. அதுவும் நீர் கரையேற்றியதுதான். பாலைப் பாட்டில் காலைச் சுடும் பரலைக் காட்டி இதை மறுப்பவர்கள், வற்றிய காட்டாற்றுத் தடமும் பாலைக்கு வழிதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கல்லைக் கையிலெடுத்தாலே வேறுபாடு தெரியும். சரிந்த கல்லின் விளிம்பு விரலைக் கீறும். ஆறு நெடுந்தூரம் உருட்டிய கல்லுக்கு விளிம்பே இராது. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டெடுத்த கருவிகள், இப்படி உருண்டு தேய்ந்த குவார்ட்சைட் கற்களைச் செதுக்கிச் செய்தவை. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சாந்தி பப்புவின் குழு 2011இல் கணித்த வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. பக்கத்தில் ஓடும் கொசத்தலையாறு பாலாற்றின் பழைய தடம் என்பது நிலவியலார் பலரின் கருத்து. ஆறு இடம் மாறினாலும் அது பரப்பிய பரல் பழைய தடத்திலேயே புதைந்து கிடக்கும். மறைந்த ஆற்றைத் தேடுபவர்கள் அதைத்தான் பின்தொடர்கிறார்கள்.

இன்று இரண்டையும் சரல் என்றே சொல்வது வழக்கின் தேய்வு. திருப்புறத்தில் கிணறு வெட்டும்போது வழவழப்பான உருண்டைக் கல் அடுக்காக வந்தால், அது சரல் அன்று, பரல். நெய்யாறோ அதற்கு முந்திய ஓர் ஆறோ அந்த வழியே ஓடியிருக்கிறது.