பின்னால் தொங்கிய மோட்டார் நடுவுக்கு வந்த கதை

ஒரு நண்பர் ஊர் மாற்றிப் போகும்போது தன் பழைய ரிமோட் காரை என் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பத்தில் ஒரு பங்கு அளவு, பின் சக்கரம் மட்டும் ஓடும் 'பக்கி' வகை. (திட்டு இல்லீங்க, மண்ணில் ஓட்டும் காருக்கு அதுதான் பேர்!) அதைக் கழற்றிப் போட்டதும் பையன் கேட்ட முதல் கேள்வி: "ஏம்ப்பா, மோட்டார் மட்டும் பின்னாடி வெளியே தொங்குது? நடுவுல வெச்சா ஆகாதா?"

நல்ல கேள்வி. உலகம் முழுக்க இந்தக் கார்களை வைத்துப் பந்தயம் ஓட்டியவர்கள் இதற்குப் பதில் சொல்ல ஏறத்தாழ முப்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய கார்களில் இது எப்போதோ முடிந்துபோன வழக்கு. போருக்குப் பிறகு இங்கிலாந்தில் கூப்பர் அப்பாவும் மகனும் சின்ன ரேஸ் கார் கட்டினார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சின், செயின் வழியாகப் பின் சக்கரம். செயின் போட வசதி என்றுதான் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வைத்தார்கள். 1958-ல் அர்ஜென்டினாவில் ஸ்டிர்லிங் மாஸ் அப்படிப்பட்ட கூப்பரில் ஜெயித்தார். 1959-ல் ஜாக் பிராபம் உலக சாம்பியன். முன்னால் எஞ்சின் வைத்த கார் கடைசியாக ஃபார்முலா ஒன் பந்தயம் ஜெயித்தது 1960-ல், மான்ஸாவில், ஃபெராரி. அதோடு சரி.

அப்படியிருக்க, 1984-ல் அமெரிக்காவின் அசோஸியேட்டட் கம்பெனி ஆர்.சி.10 என்ற பக்கியைக் கொண்டுவந்தபோது மோட்டாரை ஏன் பின் அச்சுக்கும் பின்னால் தொங்க விட்டார்கள்? தங்க நிறத்தில் பளபளக்கும் அலுமினிய உடம்பு, அன்றைக்கு அதை அடிக்க ஆளில்லை. அதைச் செய்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

காரணம் தரைதான். அன்றைய பந்தயத் தடம் பெரும்பாலும் உதிரி மண். நம்மூரில் கேரியரில் கேஸ் சிலிண்டர் கட்டி சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். ஹேண்டில் லேசாகிவிடும், முன் சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது, ஆனால் பின் சக்கரம் மண்ணில் வழுக்காமல் கடித்துப் பிடிக்கும். பக்கிக்கும் அதே கணக்கு. திரும்புவதில் போனால் போகட்டும், கிளம்பும்போது சக்கரம் சும்மா சுற்றாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொரு காரணம் பேட்டரி. ஆறு நிக்கல் செல்களை வரிசையாகக் கட்டிய நீளக் கட்டை, காரின் நடு முதுகில் படுத்திருக்கும். மோட்டாரை முன்னே நகர்த்தினால் அதை எங்கே வைப்பது? செல்களை மூன்று மூன்றாகப் பிரித்து, கழுதைப் பொதி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கவிடலாம். சிலர் செய்தார்கள். பெரிய கம்பெனிகள் மெனக்கெடவில்லை.

மூன்றாவது சிக்கல் எனக்கு ரொம்பப் பிடித்தது. கியர் பாக்ஸை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தால் கார் ரிவர்ஸில் ஓடும்! மோட்டாரை எதிர்த்திசையில் சுற்ற வைக்கணும். பிரஷ் வைத்த பழைய ரேஸ் மோட்டார்களோ ஒரு திசைக்காகவே டைமிங் செட் பண்ணப்பட்டவை. மாற்றிச் சுற்றினால் பலம் குறையும், சூடாகும். இல்லையென்றால் உள்ளே இன்னொரு பல்சக்கரம் சேர்க்கணும்.

2000-களின் கடைசியில் மூன்று முடிச்சும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அவிழ்ந்தன. பிரஷ் இல்லாத மோட்டார் வந்தது, திசை மாற்றுவது கன்ட்ரோலரில் ஒரு செட்டிங் ஆகிப்போனது. லித்தியம் பாலிமர் பேட்டரி வந்தது, எடை குறைந்தது, குட்டையாகவே செய்து குறுக்கே வைக்க முடிந்தது. தடங்களும் மாறின. உதிரி மண் போய் இறுகிய களிமண், கார்பெட், செயற்கைப் புல் என்று டயர் தானாகவே பிடிக்கும் தரைகள் வந்தன. அங்கே பின்னால் தொங்கும் எடை வளைவில் வாலை வீசும் சுமை மட்டுமே.

முதலில் கை வைத்தவர்கள் பெரிய கம்பெனிகள் இல்லை. எக்ஸ் ஃபேக்டரி என்ற சின்ன அமெரிக்கக் கம்பெனி, அசோஸியேட்டட் பி4 காரின் பாகங்களைக் கொண்டே எக்ஸ்-6 என்ற நடு மோட்டார் காரை விற்றது. கையிலிருக்கும் காரை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. 2011-ல் ஃபின்லாந்தின் வாஸாவில் நடந்த உலகப் போட்டியில் ஜெர்மனியின் யோர்ன் நாய்மன், டியூரங்கோ டி.இ.எக்ஸ்.210-ல் இரு சக்கர இயக்கப் பட்டத்தை வென்றார். மோட்டாரைப் பின்னாலும் நடுவிலும் மாற்றி வைக்க வசதியுள்ள கார் அது. அப்புறம்தான் அசோஸியேட்டட்டே பி5, பி5எம் என்று இரண்டு கார் போட்டது. 'எம்' என்றால் நடு மோட்டார். 2016-ல் வந்த பி6, பி6டி ஜோடியைப் பாருங்கள், ஒன்று கார்பெட்டுக்கு, மற்றது மண்ணுக்கு. கார்களை மோட்டார் இடத்தால் பிரித்தது போய், ஓடும் தரையால் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லிவிட்டு நாங்களும் ஒரு தகடு வெட்டி, துளை போட்டு, கியர் பாக்ஸைத் திருப்பினோம். செட்டிங் மாற்ற மறந்ததால் முதல் ஓட்டம் நேராகப் பின்னால், என் காலில். மாற்றியபின் சிமென்ட் பார்க்கிங்கில் பிரமாதமாகத் திரும்பியது. இங்கே புனேயில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சரளை மண் மைதானத்திலோ சக்கரம் சுற்றுகிறதே தவிர கார் நகர மாட்டேன் என்கிறது. பேட்டரியை ஒரு விரற்கடை பின்னே தள்ளிப் பார்த்தோம், கொஞ்சம் தேவலை.

"பழையபடி பின்னாலயே வெச்சுடலாம்ப்பா" என்கிறான். வைக்கலாம். கழற்றிய ஸ்க்ரூவில் இரண்டைக் காணோம்.