மேரி வாசலில் ஒட்டிய தாள்

சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. வடிகால் அடைத்துக்கொண்டு எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. எதிர்வீட்டுப் பையன் குடையோடு வந்து திண்ணையில் ஏறி நின்றான்.

"தாத்தா, நீங்க கொம்யூன் ஆபீசுலதானே வேலை பார்த்தீங்க? இதை யாருகிட்ட போய்ச் சொல்றது?"

"கமிஷனர்கிட்ட ஒரு மனு எழுதிக் குடு தம்பி."

"அவரு மாறிப் போயிட்டாராம். அடுத்தவரு இன்னும் வரலையாம். நம்ம தெருவுக்குன்னு கேக்கறதுக்கு ஒருத்தர் கிடையாதா?"

முப்பத்தொன்பது வருடம் அரசு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவன் நான். "கிடையாது" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பதையாவது எழுதி வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்குப் பாதி தெரிந்த கதைதான். மீதிப் பாதி பைல்களில் கிடந்தது.

நம்ம பக்கத்தில் மேரி என்றால் பெண் பெயர் அல்ல, நகராட்சி மன்றம். பிரெஞ்சுக்காரன் 1880 மார்ச் 12-ம் தேதி ஒரு தெக்ரே (அரசாணை) போட்டு பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாகப் பிரித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம், மன்றத்துக்குத் தலைவராக ஒரு மேர். 1907-ல் அது பதினேழு கொம்யூனாயிற்று. புதுச்சேரியில் எட்டு, காரைக்காலில் ஆறு, மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஒவ்வொன்று. காரைக்காலின் அந்த ஆறு இன்றும் அப்படியே இருக்கிறது: காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம். கடைசி ஊரைப் பழைய காகிதங்களில் 'கிராந்த் அல்தே' என்று எழுதியிருப்பார்கள். பெரிய கிராமம் என்று பொருள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பியருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், நம்மவர்களுக்கு வேறு பட்டியல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். தலை எண்ணிக்கையில் சொற்பமானவர்களுக்கு மன்றத்தில் நாற்காலி அதிகம். பெண்களுக்கு ஓட்டு கிடைத்ததும், எல்லோரும் ஒரே பட்டியலில் வந்ததும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். தேர்தல் நாளில் வாக்குச் சீட்டைவிடத் தடிக்கு வேலை அதிகம் என்று என் தகப்பனார் சொல்லுவார். ஆனாலும் தெருவில் விளக்கு எரியாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மன்றத்தார் எவ்வளவு பெரிய காரியத்தையும் செய்தார்கள் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேருவதா என்பது கேள்வி. ஓட்டுப் போட்டவர்கள் பொதுமக்கள் அல்லர். சட்டசபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும் சேர்ந்து 178 பேர். சேருவோம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. சந்தைக் குத்தகையும் சாக்கடையும் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் நாம் எந்த நாட்டுக்காரர்கள் என்று முடிவு செய்தார்கள்.

கொடி மாறினாலும் சட்டம் உடனே மாறவில்லை. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தோம், 1963-ல் யூனியன் பிரதேசமானோம். அப்போதும் எங்கள் மேரிகள் அந்த 1880 தெக்ரேப்படியே நடந்தன. பதிவேடுகளில் பிரெஞ்சு நீடித்தது. அதனால்தான் பிரெஞ்சு மீடியத்தில் படித்து பிரேவே தேறிய எனக்கு 1972-ல், இருபத்தொரு வயதில், காரைக்கால் பகுதியில் ஒரு மேரியில் எழுத்தர் வேலை கிடைத்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்போது இருந்தது 1968 தேர்தலில் வந்த மன்றம். மேர் காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். மனு என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் குறைவு. பெண்கள் குடத்தோடு வந்து, குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போடுவார்கள். அவர் உள்ளே திரும்பி, "தம்பி, குறிச்சுக்க" என்பார். நான் குறித்துக்கொள்வேன்.

பணத்தின் கதை வேறு. கொம்யூனின் சொந்த வரவு வீட்டு வரி, சந்தைக் குத்தகை, குளத்து மீன் ஏலம், தென்னை மகசூல் ஏலம், தொழில் உரிமக் கட்டணம், இவ்வளவுதான். பிரெஞ்சு முறையில் செலவு இரண்டு வகை. ஒன்று கட்டாயச் செலவு: ஊழியர் சம்பளம், பிறப்பு இறப்பு திருமணம் எழுதும் எத்தா சிவில் பதிவேடுகள் போன்றவை. மற்றது மன்றம் விரும்பினால் செய்யும் செலவு. முதல் வகைக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் கப்பி ரோடும் சிறு பாலமும். எங்கள் கொம்யூனில் மிச்சம் ரொம்பக் குறைவு. பெரிய வேலை என்றால் அரசு மானியத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மன்றம் கூடிப் பேசி முடித்ததும், என்ன தீர்மானம், எவ்வளவு பணம், யார் எதிர்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி மேரி வாசலில் ஒட்டுவோம். படிக்கத் தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் சுற்றி நின்று கேட்பார்கள். "நம்ம தெரு இதுல இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

1973-ல் ஒரு நாள் அப்படி ஒட்டிய தாளில் ஒரு சிறு பாலம் இருந்தது. ஊருக்குத் தெற்கே வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் அவர்களுடைய சுடுகாடு. நடுவில் இரண்டு பனைமரத் துண்டுகள். கோடையில் பரவாயில்லை. ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் நிறைந்தால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். காலனியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் மன்றத்தில் எழுந்து பேசியபோது நான் மேசையோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். "எங்களுக்கு ரோடு வேணாங்க, பொணம் போற வழி மட்டும் வேணும்" என்றார். ஒருவரும் எதிர்க்கவில்லை. தீர்மானத்தைப் பிரெஞ்சில், என் கையெழுத்தில், பதிவேட்டில் எழுதினேன். மானியம் கேட்டு மேலே அனுப்பினோம்.

1974 ஜனவரி 26-ல் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1973-ம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் ஒன்று, கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் ஒன்று. தெக்ரே போயிற்று. எங்கள் மேரி கொம்யூன் பஞ்சாயத்து ஆனது. பெயர்ப்பலகை மாறியது, படிவங்கள் மாறின. சில மாதம் கழித்துப் பாலத்து பைல் திரும்பி வந்தது. புதிய படிவத்தில் புதிய மதிப்பீட்டோடு அனுப்பச் சொல்லி ஒரு குறிப்பு. அனுப்பினோம். பிறகு மன்றத்தின் காலமும் முடிந்தது. தேர்தல் வரவில்லை. ஆணையர் பொறுப்புக்கு வந்தார்.

ஆணையர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்லவர்கள் சிலரோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர் ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் மாற்றல் வந்துவிடும். அடுத்தவர் வந்து "புதுசா ஒரு புரபோசல் போடுங்க" என்பார். பழைய மதிப்பீடு அதற்குள் செல்லாமல் போயிருக்கும். இதற்கிடையில் கடைத்தெருவுக்கு விளக்கு வந்தது, பெரிய தெருவுக்குத் தார் வந்தது. அந்தத் தெருக்காரர்களுக்கு ஆபீசுக்குள் வந்து நாற்காலியில் உட்காரத் தெரியும். காலனிக்காரர்கள் வாசலிலேயே நிற்பார்கள். அவர்கள் மனுவுக்கெல்லாம் பதில் எழுதியது நான்தான். "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கில்லை. அந்த வரி எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, கை தானாக எழுதும்.

ஒரு கார்த்திகையில், மழை சற்று விட்டிருந்த மதியம், ஒருவர் வந்தார். மொட்டைத் தலை, ஈர வேட்டி. முதல்நாள் தகப்பனாரை எடுத்திருக்கிறார்கள். வாய்க்காலில் பாடை சாய்ந்து, தண்ணீரில் விழுந்து, பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். அவர் சத்தம் போடவில்லை. மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தார். நான் எழுதிய பதில்.

"ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எங்கப்பா இதைப் பத்திரமா வச்சிருந்தாரு."

படித்தேன். "பரிசீலிக்கப்படும்னா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "உட்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் வேறு துறைக்குப் போனேன், பதினொரு வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். பனைமரத் துண்டுகள் மட்டும் புதியவை. மற்றபடி எல்லாம் அப்படியே.

1968-க்குப் பிறகு நம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். முப்பத்தெட்டு வருடம்! அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தும், நீதிமன்றம் வரை போன பிறகுதான் நடந்தது. மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். அப்படித்தான் காலனியிலிருந்து ஒரு பெண் உறுப்பினராக வந்தார். முதல் வாரமே என் மேசைக்கு வந்து, "சார், எங்க பாலத்துக்கு முன்னாடியே தீர்மானம் போட்டிருக்குன்னு எங்க பாட்டி சொல்லும். நிசமா?" என்றார்.

பழைய அலமாரியைத் திறந்தோம். செல் அரித்த பதிவேடுகளுக்கு நடுவில் 1973 கிடைத்தது. முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து, ஊதா மையில். அந்த ஆபீசில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அன்றிரவே தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மன்றத்தில் எழுந்து படித்தார். "இது புதுசாக் கேக்கறது இல்ல. நீங்க குடுக்க வேண்டிய பாக்கி" என்றார்.

அதனால் மறுநாளே பணம் வந்துவிடவில்லை. இரண்டு வருடம் அலைந்தார். கொம்யூன் நிதியில் கொஞ்சம், அரசு மானியம் கொஞ்சம் என்று சேர்ந்து 2008-ல் கான்கிரீட் பாலம் எழுந்தது. பத்தடி அகலம்கூட இராது. திறப்பு விழாவுக்கு நானும் போனேன். அந்த மொட்டைத்தலைக்காரரைத் தேடினேன். இறந்து சில வருடமாயிற்று என்றார்கள். அவரையும் தண்ணீரில் இறங்கித்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அந்த மன்றத்தின் காலம் 2011-ல் முடிந்தது. நானும் அதே ஆண்டு ஓய்வு பெற்றேன். பிறகு இதை எழுதும் வரை தேர்தல் இல்லை. 2021-ல் தேதி அறிவித்து, இடஒதுக்கீட்டுத் தகராறில் நின்றுபோனது. இன்னொரு சங்கடமும் உண்டு. மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்கு மத்திய நிதிக்குழு நேரடியாகப் பங்கு ஒதுக்குகிறது. நாம் யூனியன் பிரதேசம், அந்தக் கணக்கில் வரமாட்டோம். ஆக, பணத்துக்கு நம் அரசின் கையைத்தான் பார்க்க வேண்டும். கேட்பதற்கு ஓர் உறுப்பினரும் இல்லையென்றால் கை எந்தப் பக்கம் நீளும் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

எதிர்வீட்டுப் பையனிடம் மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். பிறகு இருவருமாக உட்கார்ந்து வடிகாலுக்கு ஒரு மனு எழுதினோம். தெருவில் இருபத்தாறு வீட்டிலும் கையெழுத்து வாங்கினான். மூன்று நகல் எடுக்கச் சொன்னேன். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று நமக்கு. மூன்றாவதை முனையிலிருக்கும் டீக்கடைச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொன்னேன். பதில் வந்தால் அதையும் பக்கத்திலேயே ஒட்டுவதாக ஏற்பாடு.

இன்றுவரை முதல் தாள் மட்டும்தான் இருக்கிறது. காலையில் டீ குடிக்கப் போனால் யாராவது ஒருவர் அதைப் படித்துக்கொண்டு நிற்கிறார்.