வன்னி நிலமும் தொலைக்காட்சி அலைகளும்: துணுக்காயை நோக்குநிலையாகக் கொண்ட ஒரு சமூக வரலாற்றாய்வு

1

வெகுசனத் தொடர்பு சாதனங்களின் வரலாறு எம்மிடையே பெரும்பாலும் தலைநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்நிறுவனம் எவ்வாண்டில் தொடங்கப்பெற்றது, அதனைத் தொடக்கிவைத்தவர் யார் என்பன பதிவாகின்றன. ஆயின் அந்நிறுவனத்தின் அலைகள் எவ்வெல்லைவரை சென்றன, எவ்விடத்தில் நின்றன, ஏன் நின்றன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வவுனிக்குளத்து நீரை நம்பி வாழும் நெற்செய்கைப் பிரதேசமான துணுக்காயிலிருந்து அவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொலைக்காட்சி அலையின் எல்லையை இயற்கை ஓரளவுக்கே வகுக்கின்றது. எஞ்சியதை மூலதனமும் அரசதிகாரமும் வகுக்கின்றன என்பது இங்கு நிறுவ முயலப்படும் கருத்தாகும்.

2

இவ்விடயம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1948 முதல் நிறுத்திவைக்கப்பட்டிருந்த புதிய தொலைக்காட்சி உரிமங்கள் 1952 இல் மீண்டும் வழங்கப்பட்டபோது, யு.எச்.எப். எனப்படும் அதியுயர் மீடிறன் அலைவரிசைகள் முதன்முறையாகத் திறந்துவிடப்பட்டன. சிறு நகரங்களும் பிராந்தியங்களும் தத்தமக்கென நிலையங்களைப் பெறும் என்று அப்போது எதிர்பார்க்கப்பட்டது. எனினும் அன்று வீடுகளில் இருந்த பெட்டிகளிற் பெரும்பாலானவை அவ்வலைகளை வாங்கவல்லனவாக இருக்கவில்லை. தனியான மாற்றுக் கருவியொன்றைப் பார்வையாளரே விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. பார்வையாளர் குறைவு என்பதால் விளம்பரதாரர் ஒதுங்கினர். விளம்பரம் இன்மையால் பெரிய வலையமைப்புகள் ஒதுங்கின. நல்ல நிகழ்ச்சிகள் இன்மையால் பார்வையாளர் மேலும் குறைந்தனர். 1952 இல் போர்ட்லன்ட் நகரில் தொடங்கப்பெற்ற முதலாவது வணிக யு.எச்.எப். நிலையமே 1957 இல் பழைய அலைவரிசையொன்றுக்கு மாறிக்கொண்டது. எல்லா அலைவரிசைகளையும் வாங்கும் வகையிற் பெட்டிகள் செய்யப்படவேண்டும் என 1962 இற் சட்டம் இயற்றப்படும்வரை அந்நிலையங்களின் அவலம் தொடர்ந்தது. ‘சுதந்திரச் சந்தை’ தானாகத் தீர்க்கமாட்டாத ஒன்றினை, அச்சந்தையின் தாயகத்திலேயே சட்டத்தினாற் தீர்க்கவேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இலங்கையில் தொலைக்காட்சியின் வருகை 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு பிணைந்தது. 1979 ஏப்பிரல் 13 ஆம் நாள் ஐ.ரி.என். எனப்படும் சுயாதீனத் தொலைக்காட்சி தனியார் முயற்சியாகத் தொடங்கப்பெற்றது. கொழும்பையும் அதன் அயலையும் மாத்திரமே எட்டிய அச்சிறு நிலையத்தை அதே ஆண்டு யூன் 5 ஆம் நாள் அரசாங்கம் பொறுப்பேற்றது. இரண்டு மாதங்கள்கூட அது தனியாரிடம் இருக்கவில்லை. இறக்குமதிப் பண்டங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே அரசு, கருத்துப் பரப்பும் கருவியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பியது. யப்பானிய அரசின் நன்கொடையுடன் 1982 பெப்ரவரியில் ரூபவாகினி தன் சேவையைத் தொடங்கியது.

தனியார் நிலையங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 1990களிலாகும். 1992 இல் எம்.ரி.வி., 1993 இல் ரி.என்.எல். என அவை தோன்றின. நாட்டின் பெரும்பகுதியை எட்டும் வாய்ப்பு அரச நிறுவனங்களிடமே இருந்தமையால், புதியவை யு.எச்.எப். அலைவரிசைகளில் தலைநகரைச் சார்ந்தே வளரவேண்டியிருந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிச் செலுத்தி, தனிக் கோபுரம், தனி மின்வசதி என்பன தேவைப்பட்டன. எனவே அவை விளம்பரப் பணம் செல்லும் திசையிலேயே சென்றன. 1998 இற் சக்தி தொலைக்காட்சி தமிழுக்கென வந்தமை முக்கியமானதொரு நிகழ்ச்சியாகும். ஆனால் அதன் இருப்பிடமும் கொழும்பே. அதனைத் தாங்கிய சந்தையும் பெருமளவுக்குக் கொழும்புச் சந்தையே.

சந்தை என்ற சொல்லுக்கு இங்கு எண்களாலும் பொருள் கூறலாம். 2012 இன் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 23 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். சதுரக் கிலோமீற்றர் ஒன்றுக்கு 3,000 பேருக்கும் மேல். முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 92,000 பேர். சதுரக் கிலோமீற்றர் ஒன்றுக்கு 40 பேருக்கும் குறைவு. ஒரே உயரமுள்ள கோபுரத்தை இவ்விரு இடங்களிலும் எழுப்புவதற்கு ஆகும் செலவு பெரிதும் வேறுபடாது. அதனால் எட்டப்படும் நுகர்வோர் தொகையோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடுடையது. இலாபத்தை அளவுகோலாகக் கொண்ட எந்நிறுவனமும் துணுக்காயைத் தேடிவராது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

4

இயற்கையின் பங்கினையும் உரிய அளவில் ஏற்றல் வேண்டும். தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வது. பூமியின் வளைவு அதனை மறைக்கும். 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையின் உச்சியிலிருந்து கணக்கிட்டாலும் அடிவானம் ஏறத்தாழ 205 கிலோமீற்றரில் முடிவடைகின்றது. துணுக்காயோ அங்கிருந்து 240 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே நாட்டின் மிகவுயர்ந்த மலையிலிருந்து புறப்படும் அலையும் வன்னியின் இப்பகுதியை நேராகத் தொடுவதில்லை. யு.எச்.எப். அலைகளுக்கு இன்னுமோர் இடர் உண்டு. அலைநீளம் குறுகியவை ஆதலால் அடர்ந்த இலைகளுடைய மரங்கள் அவற்றைப் பெரிதும் உறிஞ்சிவிடுகின்றன. பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த வன்னிக் காடு அத்தகைய அலைகளுக்கு உகந்த நிலமன்று.

எனவே அருகில் ஒரு கோபுரம் இன்றியமையாததாயிற்று. மாங்குளத்துக்கு வடக்கே, கண்டி வீதியை அண்டியுள்ள கொக்காவிலில் ரூபவாகினியின் மறு ஒளிபரப்பு நிலையம் அமைந்தது இவ்வகையிலேயே. துணுக்காயிலிருந்து அது நேர்கோட்டில் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. ஆயினும் கோபுரம் அருகில் இருப்பது வேறு, பெட்டி வீட்டில் இருப்பது வேறு. 1980களில் வன்னிக் கிராமங்களிற் பெரும்பாலானவை மின்னிணைப்பு அற்றவை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த குடியேற்றவாசிகளும், 1977 இன் இனவன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்தோரும் காடுவெட்டிக் கழனி திருத்திக்கொண்டிருந்த காலம் அது. கூலிக்கு நெல் அறுத்த குடும்பத்துக்குத் தொலைக்காட்சி ஒரு கேள்விச் செய்தியாகவே இருந்தது. வசதிபடைத்தோர் மின்பிறப்பாக்கியையும் ‘டெக்’கையும் வாடகைக்கு அமர்த்தித் தென்னிந்தியத் திரைப்படங்களை இரவிரவாகக் காட்டியபோதுதான் பலரும் சின்னத்திரையை முதலிற் கண்டனர். அலை வழியாக வராத தொலைக்காட்சி, ஒளிநாடா வழியாக வந்தது எனலாம்.

5

போர் இந்நிலையை முற்றாக மாற்றியது. 1990 யூலையில் கொக்காவில் இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. மறு ஒளிபரப்பு நிலையமும் அத்தோடு ஒழிந்தது. அதன்பின் வன்னிக்குத் தேசிய மின்வலைப் பின்னலின் மின்சாரமும் இல்லை. பொருளாதாரத் தடையின் கீழ் பற்றரியும் எரிபொருளும் தட்டுப்பாடான பொருள்களாயின. மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையினரிடம் தொலைக்காட்சி பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகவே இருந்திருக்கும்.

அலைகளைக் கைப்பற்றும் போட்டி அக்காலத்திலும் ஓயவில்லை. யாழ்ப்பாணத்தில் 1980களில் இயங்கிய ‘நிதர்சனம்’ ஒளிபரப்பு, 1987 ஒக்டோபரில் இந்தியப் படையின் நடவடிக்கையோடு நின்றுபோயிற்று. 2005 இல் விடுதலைப் புலிகளின் தமிழீழ தேசியத் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியாகத் தொடங்கப்பெற்றது. 2007 இல் இன்ரெல்சற் நிறுவனத்தின் செயற்கைக்கோளிலிருந்து அது விலக்கப்பட்டது. இவற்றைப் பிராந்திய மக்களின் ஊடகங்கள் எனக் கொள்ளலாமா என்பது ஆராய்தற்குரியது. தலைநகரின் ஏகபோகத்தை அவை மறுத்தன என்பது உண்மை. ஆனால் அவற்றிற் பேசியதும் ஓர் அதிகாரமே. அதனோடு முரண்பட்டோருக்கு அங்கு இடமிருக்கவில்லை. கோபுரத்தின் உடைமையாளர் மாறுவதும், கோபுரம் சனநாயகமயமாவதும் ஒன்றல்ல.

2008 இல் துணுக்காய், மல்லாவிப் பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். 2009 இல் அவர்தம் துயரம் உலகத் திரைகளிற் காட்டப்பட்டது. காட்டப்பட்டவர்கள் தாமே அதனைக் காண வழியற்றிருந்தனர். தொடர்பு சாதனத்துக்கும் மக்களுக்கும் இடையிலான அந்நியமாதலுக்கு எம் வரலாற்றில் இதனினும் கொடிய சான்று கிடைத்தல் அரிது.

6

2011 யூனில் கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறந்துவைக்கப்பட்டது. ஒளிபரப்புகளும் தொலைபேசிச் சேவைகளும் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ள அது வழிசெய்தது. மின்னிணைப்பும் படிப்படியாக வந்தது. அன்ரனா வாங்குவதிலிருந்த பழைய தடைகள் பல நீங்கின. ஆனால் நீங்கிய தடைகள் யாவும் பெறுதல் தொடர்பானவை. ஆக்குதல் தொடர்பானவை அல்ல. கொக்காவிற் கோபுரம் வன்னிக்கு ஒளிபரப்பும் கோபுரம். வன்னியிலிருந்து பேசும் கோபுரமன்று.

இவ்விடத்தில் அச்சு ஊடகத்தின் வரலாறு ஒப்புநோக்கத் தக்கது. 1959 இல் வார வெளியீடாகத் தொடங்கி 1961 இல் நாளிதழான யாழ்ப்பாணத்து ‘ஈழநாடு’, பிராந்தியப் பத்திரிகை ஒன்று நிலைபெறலாம் என்பதைக் காட்டியது. 1981 யூனில் அதன் பணிமனை எரிக்கப்பட்டபோதும் அது மீண்டெழுந்தது. முல்லைத்தீவு மண்ணின் மொழியையும் வாழ்வையும் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் நூலுருப்பெற்றபோது, வன்னி ஈழத்து நாவலின் நிலப்படத்தில் இடம்பெற்றது. ஓர் அச்சகமும் சில ஆயிரம் வாசகரும் இருந்தால் அச்சிற் பிராந்தியம் பேசமுடிந்தது. தொலைக்காட்சியிலோ கோபுரம், செலுத்தி, உரிமம், ஆண்டுக் கட்டணம் என்னும் மூலதன வேலி முன்னே நிற்கின்றது. முல்லைத்தீவின் கோவலன் கூத்து, வவுனிக்குளத்து விவசாயியின் நீர்ப் பிணக்கு, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நடத்தும் போராட்டம் ஆகியவை திரைக்கு வருவது, தொலைவிலுள்ள ஆசிரியபீடம் ஒன்று அவற்றைச் ‘செய்தி’ எனத் தீர்மானிக்கும்போது மாத்திரமே.

1997 இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர்நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்பதையும், அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்திலிருந்து சுதந்திரமானதாய் இருத்தல் வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தது. பொதுச்சொத்து என்பதன் பொருளை நாம் இறுதிவரை சிந்தித்தல் வேண்டும். வவுனிக்குளத்து நீர் பொதுச்சொத்து என்றால், வாய்க்காலின் கடைமடையிலுள்ள வயலுக்கும் அதிற் பங்குண்டு. தலைமடைக்காரன் பணம்படைத்தவன் என்பதால் அப்பங்கு இல்லாதொழிவதில்லை. அலைவரிசைக்கும் இந்நியாயம் பொருந்தும். எண்மிய ஒளிபரப்பில் முன்னர் ஓர் அலைவரிசை எடுத்துக்கொண்ட இடத்திற் பல சேவைகள் அடங்கும். அவ்விடங்களிற் சிலவற்றை விளம்பர வருவாயை அளவுகோலாகக் கொள்ளாது, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பிராந்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் ஒதுக்குதல் தொழில்நுட்பத்தால் இயலும். கடைமடைக்கு நீர் தானாக வந்ததில்லை. விவசாயிகள் ஒன்றுகூடிக் கேட்டபோதே வந்தது. அலைவரிசையும் அவ்வாறு கேட்டுப் பெறவேண்டிய ஒன்றேயாகும்.