இடது மூலையில் இருந்த பொத்தான் எங்கே போனது?



சில வாரங்களுக்கு முன் நம் சங்க அலுவலகத்தில் பழைய கணினிக்குப் பதிலாகப் புதியது வந்தது. முதல் நாள் காலையில் பராமரிப்புக் கட்டண ரசீது ஒன்றுகூடப் போட முடியவில்லை. கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. நம் பொருளாளர் பல வருடப் பழக்கத்தில் மௌஸை இடது கீழ் மூலைக்கே கொண்டுபோய் அமுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் வானிலைச் செய்திதான் திறந்தது. "வெயில் எவ்வளவுன்னு எனக்கே தெரியும் சார், ஸ்டார்ட் எங்கே போச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சங்கடமும் இருந்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் உங்களில் பலர் வீட்டிலும் கணினி மாறியிருக்கும், அல்லது விண்டோஸ் 11 ஏறியிருக்கும். பொருளாளர் தேடிய அந்தப் பொத்தானை நீங்களும் தேடியிருப்பீர்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், தவறு உங்களுடையது அல்ல என்பது புரியும்.

1990-இல் விண்டோஸ் 3.0 வந்தபோது உலகத்தில் பெரும்பாலானோர் மௌஸைத் தொட்டதே இல்லை. எழுத்துகளைத் தட்டிக் கட்டளை கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். அந்த விண்டோஸோடு சாலிட்டேர் சீட்டாட்டமும் வந்தது. அலுவலகங்களில் மேலதிகாரிகள் அதைத் திட்டினார்கள். ஆனால் சீட்டைப் பிடித்து, இழுத்து, வேறிடத்தில் விடும் வித்தை பலருக்குக் கைவந்தது அந்த ஆட்டத்தில்தான்.

அடுத்த விண்டோஸைத் தயாரிக்கும்போது மைக்ரோசாப்ட் சாதாரண மக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தது. பலருக்கு இரட்டைக் கிளிக் வரவில்லை. ஒரு ஜன்னல் இன்னொன்றின் பின்னால் மறைந்தால், அது போயே போய்விட்டது என்று நினைத்தார்கள். சிலர் கணினியை இயக்கிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது கீழ் மூலையில் ஒரு பொத்தான் ஏற்கெனவே இருந்தது. விண்டோஸ் கொடிப் படம் மட்டும் போட்டிருந்ததால் அது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. அதன்மேல் 'ஸ்டார்ட்' என்று எழுதிவைத்தார்கள். உடனே மக்கள் அதை அமுக்க ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு சொல் செய்த வேலை அது.

1995 ஆகஸ்ட் 24-இல் விண்டோஸ் 95 வெளியானது. அதிலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. 'இங்கே அமுக்கித் தொடங்குங்கள்' என்று ஓர் அம்பு நகர்ந்து வந்து அந்தப் பொத்தானைக் காட்டியது. கணினியை அணைப்பதற்கும் 'ஸ்டார்ட்'டைத்தான் அமுக்க வேண்டும் என்பது அன்றைக்குப் பெரிய கேலி. ஆனாலும் கை பழகிவிட்டது. பதினேழு வருடம் அந்த மூலை நமக்கு வீட்டு வாசல்போல இருந்தது.

2012 அக்டோபர் 26-இல் விண்டோஸ் 8 வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஐபேட் சந்தையைப் பிடித்திருந்தது. இனி எல்லாரும் விரலால்தான் தொடுவார்கள் என்று மைக்ரோசாப்ட் கணக்குப் போட்டது. ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டு, திரை முழுக்க வண்ணக் கட்டங்களைப் பரப்பியது. தொடுதிரை இல்லாத கோடிக்கணக்கான கணினிகளில் இதை மௌஸால் சமாளிக்க வேண்டியிருந்தது. அணைப்பதற்குக்கூட வலது மூலைக்குப் போய், ஒளிந்திருக்கும் பட்டையை வரவழைத்து, அதில் அமைப்புகளைத் திறந்து, பிறகு பவரைத் தேட வேண்டும். பழைய பொத்தானைத் திரும்ப வரவழைக்கவென்றே வேறு நிறுவனங்கள் தனி மென்பொருள் தயாரித்தன.

எதிர்ப்பு பலித்தது. 2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1-இல் பொத்தான் திரும்பியது. ஆனால் அமுக்கினால் அதே கட்டங்கள்தான் வந்தன. பழைய மாதிரிப் பட்டியல் 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10-இல்தான் முழுதாகத் திரும்பியது. 2021 அக்டோபர் 5-இல் வந்த விண்டோஸ் 11 அதே பொத்தானை நடுவில் கொண்டுபோய் வைத்தது.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் எதற்கும் தயங்காத கெட்டிக்காரர்கள் என்று நினைப்போம். 2011-இல் க்னோம் 3 தன் முகத்தை மாற்றியபோது அவர்களும் இதே மாதிரிதான் கொதித்தார்கள். பழைய முகத்தை விட மனமில்லாமல் 'மாட்டே' என்று தனியாக ஒன்றைக் கிளப்பினார்கள். அது இன்றும் ஓடுகிறது.

ஆக, தடுமாறுவது வயதாலோ அறிவுக்குறைவாலோ அல்ல. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் இடம் மாறினால், நாற்பது வருடம் சமைத்தவருக்குத்தான் கை தவறும். புதிதாகச் சமைக்க வந்தவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. மின் கட்டணம், வருமான வரி, வங்கி வேலை எல்லாவற்றையும் தானே கணினியில் செய்துவந்த நம் குடியிருப்புப் பெரியவர் ஒருவர், புதிய கணினி வந்தபின் அதைத் திறப்பதையே விட்டுவிட்டார். வங்கிப் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வேலையை ஒப்படைத்துவிட்டார். "நமக்கு இதெல்லாம் இனிமே வராதுப்பா" என்றார். நல்ல வேளையாக எந்த நஷ்டமும் ஆகவில்லை. ஆனால் இப்படி ஒதுங்கியவர்களைத்தான் 'கணினி நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ்' என்று ஃபோன் செய்பவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்தோம். கீழே உள்ள பட்டையில் காலி இடத்தில் வலது கிளிக் செய்து, டாஸ்க்பார் செட்டிங்ஸ் திறந்து, கடைசியில் உள்ள டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் அலைன்மென்டை 'லெஃப்ட்' என்று மாற்றினோம். பொத்தான் பழைய மூலைக்கே வந்துவிட்டது. அந்த மாத மின் கட்டணத்தை அவரே கட்டினார். பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசைப்பலகையின் கீழ் வரிசையில் விண்டோஸ் சின்னம் போட்ட விசை இருக்கிறது, பாருங்கள். திரையில் பொத்தான் காணாமல் போன 2012-இலும் அது வேலை செய்தது. இப்போதும் அதை ஒரு முறை அமுக்கி, உங்களுக்கு வேண்டியதன் பெயரைத் தட்டினால் போதும்.

அப்படியும் வரவில்லை என்றால், ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பாஸ்வேர்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். எங்களிடமும்தான்.