வெளுத்த பவளத்துக்கும் வாய் உண்டு

1846இல் அன்னா தின் என்ற பாதிரியார் மனைவி, இங்கிலாந்தின் டோர்கீ கடற்கரையிலிருந்து சில பவளங்களை ஒரு கல்ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வேலை. கடல் பக்கத்தில் இல்லை. ஜாடி நீர் கெட்டுப்போகாமல் இருக்க, வேலைக்காரப் பெண் ஒருத்தி திறந்த ஜன்னலோரம் நின்று, டீ ஆற்றுவது போலப் பாத்திரத்துக்குப் பாத்திரம் அதை மாற்றி மாற்றி ஊற்றுவாள். அரைமணி, சில நாள் முக்கால் மணி. பவளங்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டு பிழைத்தன. பெயர் எஜமானிக்குப் போனது, கைவலி வேலைக்காரிக்கு.

அன்னாவுக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். அவர் கொண்டுவந்தது குளிர்கடலில் தனித்தனியாக வளரும் கிண்ணப் பவளம். கிடைத்ததைப் பிடித்துத் தின்று வாழும் இனம், வெளிச்சத்தை எதிர்பார்க்காது. வெப்பக்கடலில் திட்டுகளைக் கட்டும் பவளங்களோ சதைக்குள்ளேயே நுண்பாசியைக் குடிவைத்திருப்பவை. பாசி வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது, பவளம் அதில் பங்கு பெறுகிறது. பழுப்பு நிறமும் பாசி தந்ததுதான். சூடோ வெளிச்சமோ அளவு மீறினால் இந்தக் கூட்டு முறிகிறது. பாசி வெளியேற, கண்ணாடி போன்ற சதை வழியே வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. அதைத்தான் வெளிறல் என்கிறோம். அந்த நிலையில் பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது.

இந்த வெளிறலை ஆய்வாகவே செய்து பார்த்தவர் மாரிஸ் யோங். 1928இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியிலுள்ள லோ தீவுகளுக்குப் போன பிரிட்டிஷ் ஆய்வுக்குழுவின் தலைவர். குழுவுக்கு வைத்தியர் அவர் மனைவி மேட்டி. ஓராண்டு தங்கினார்கள். பவளங்களை ஒளி புகாத பெட்டிகளில் அடைத்து வைத்தபோது அவை பாசியைத் துப்பிவிட்டு வெளுத்தன. ஆனால் இரை கிடைத்த வரை உயிரோடு இருந்தன. யோங்கும் சக ஆய்வாளர் நிக்கல்ஸும் 1931இல் இதை வெளியிட்டார்கள். பவளம் முழு மாமிச உண்ணி, பாசியிடமிருந்து அதற்குச் சாப்பாடு எதுவும் வருவதில்லை என்பது யோங்கின் முடிவு.

முடிவின் பின்பாதி தவறு. 1958இல் மஸ்கட்டின், ஹேண்ட் என்ற ஆய்வாளர்கள் கதிரியக்கக் கார்பனைப் பயன்படுத்தி, பாசி தயாரித்த சத்து பவளத்தின் உறவான கடற்சாமந்தியின் உடலுக்குள் போவதைக் காட்டினார்கள். பவளத்திலும் அப்படியே என்று அடுத்தடுத்த ஆய்வுகள் சொல்லின. அதோடு யோங்கின் பேச்சு எடுபடாமல் போனது. பவளம் என்றால் வெளிச்சம் என்று ஆனது.

வீட்டில் பவளம் வளர்க்கும் தொட்டிக்காரர்களும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார்: இயற்கைக் கடல்நீர், உயிரிகள் ஒட்டிய பாறைத்துண்டுகள், வெயில், மெல்லிய காற்றுக்குமிழி. வேறு எந்திரம் இல்லை. வெயில் அரிதான ஜெர்மனியில் அது நடக்காது. பெர்லின்காரர்கள் பாறையை வைத்துக்கொண்டு, அதிக ஒளி தரும் மெட்டல் ஹாலைடு விளக்கையும் அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். பீட்டர் வில்கென்ஸ் சுண்ணாம்புத் தெளிநீர் விடச் சொன்னார். டீட்ரிச் ஸ்டூபர் தன் தொட்டியில் வளர்த்த அக்ரோபோரா என்ற பவளத்தை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். இன்று அவர் பெயரையே தாங்கிப் பல நாட்டுத் தொட்டிகளில் அந்த இனம் இருக்கிறது.

வெற்றி கண்ணை மறைத்தது. ஒளி நல்லதென்றால் இன்னும் ஒளி, சுத்தம் நல்லதென்றால் இன்னும் சுத்தம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம் என்று சோதனைக் குப்பியைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். பழைய விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி.யை முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரியவிட்டவர்களும் உண்டு. கடலில் வெப்பம் செய்ததை இவர்கள் தொட்டியில் விளக்கை வைத்துச் செய்தார்கள். பாஸ்பேட் அற்றுப்போனால் பவளம் எளிதில் வெளுக்கும் என்பதை 2013இல் சவுத்தாம்ப்டன் ஆய்வுக்கூடம் உறுதிப்படுத்தியது. இத்தனை கவனத்தோடு பவளத்தைப் பட்டினி போட்ட தலைமுறை வேறொன்று இருந்திராது.

வெளுத்த பவளத்தை மீட்கக் கற்றதும் அதே தொட்டிக்காரர்கள்தாம். சூடு காரணமென்றால் நீரை மெல்ல 25, 26 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், ஒரே மூச்சில் குளிர்வித்தால் அது இன்னொரு அடி. பவளத்தை நிழலான மூலைக்கு நகர்த்த வேண்டும், அல்லது விளக்கைக் குறைக்க வேண்டும். பிறகு இரவு. விளக்கணைந்து கொஞ்ச நேரத்தில், பகலெல்லாம் சுருங்கிக் கிடந்த பவளத்தின் உணர்விரல்கள் ஊசிமுனை போல எட்டிப் பார்க்கும். பம்ப்பை நிறுத்திவிட்டு, அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சுகளைச் சொட்டுக்குழாயில் எடுத்து அவற்றின் மேல் மெதுவாக விடுவார்கள். ஒட்டிய குஞ்சைச் சுருட்டி வாய்க்கு இழுத்துக்கொண்டால் நம்பிக்கை உண்டு. கூட்டின்மேல் பச்சைப் பாசி படர்ந்துவிட்டால் அந்த இடத்தில் சதை போய்விட்டது என்று அர்த்தம். நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். பொறுமையில்லாமல் மருந்துக்குளியல், இடமாற்றம், புது விளக்கு என்று தினமும் கைவைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

யோங்குக்கும் பாதி நியாயம் கிடைத்தது. 2006இல் ஆண்ட்ரியா குரோட்டோலி குழு ஹவாய் பவளங்களை வெளுக்க வைத்துப் பார்த்தது. மொன்டிபோரா கபிடாட்டா என்ற இனம் இரை பிடிப்பதைப் பல மடங்கு கூட்டி, அன்றாட ஆற்றல் தேவை முழுவதையும் வாய்வழியே ஈடுகட்டியது. கூட இருந்த போரைட்டீஸ் இனங்கள் அப்படிச் செய்யவில்லை. எல்லாப் பவளத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

தொட்டி அறிவு இப்போது கடலுக்கும் பயன்படுகிறது. 2023 கோடையில் புளோரிடாவில் நீர் கொதித்தபோது, கடலடி நாற்றங்கால்களிலிருந்து ஆயிரக்கணக்கான பவளங்களைக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016 என்று வெளிறல் வந்துபோயிருக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டிய தூத்துக்குடிப் பவளத்திட்டுகளில் இப்போது ஆய்வாளர்கள் பவளத்துண்டு நட்டு வளர்க்கிறார்கள்.

இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேசுவரத்திலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது ஒரு துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். அதை எடுத்ததும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.